பைசாவின் ஊசலும் காஷினாவின் கண்ணாடிகளும்

இத்தாலி தேசத்துப் பைசா நகருக்குச் செல்லும் பிரயாணிகளுட் பெரும்பாலோர் அங்கே அரைநாளுக்கு மேல் தங்குவதில்லை. புகையிரத நிலையத்தில் இறங்கி, ஆர்னோ நதியின் பாலத்தைக் கடந்து, சாய்ந்த கோபுரத்தைக் கண்டு, அதைத் தம் கையாலே தாங்கி நிறுத்துவது போல ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அடுத்த வண்டியிலே புளோரன்சுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். 1173 ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கிய அக்கோபுரம் ஏன் சாய்ந்தது என்று நின்று கேட்போர் சிலரே. நதி காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த களியும் மணலும் வண்டலுமே அதன் அத்திவாரத்தின் கீழே இருப்பவை. பாரம் ஏறவே மண் ஒருபுறம் தாழ்ந்தது. கோபுரமும் அதனோடு சாய்ந்தது.

நம்புதற்கரிய இம்மண் பரந்து கிடக்கும் அதே சமவெளியிலே, கோபுரத்திலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர் தொலைவிலே, மனிதர் இதுவரை அமைத்தவற்றுள் மிக அசைவற்ற பொருள்கள் சில தொங்கிக்கொண்டிருக்கின்றன. அவை கண்ணாடிகள். அவற்றை அங்கே அசையாது தொங்கவிடுவதற்காக ஒரு விஞ்ஞானி தம் வாழ்நாளில் முப்பதாண்டுகளுக்கு மேல் செலவிட்டார். கோபுரத்தைக் கண்ட கையோடு அவ்விடத்தையும் கண்டு வருவோமாக.

தேவாலயத்து விளக்கு

புறப்படுமுன், கோபுரத்துக்கு அயலிலுள்ள பேராலயத்தினுள் ஒரு முறை நுழைந்து பார்த்தல் நன்று. நடு மண்டபத்திலே நீண்ட கயிற்றில் பெரியதொரு வெண்கல விளக்குத் தொங்குகிறது. 1564 ஆம் ஆண்டில் இந்நகரிலே பிறந்த கலிலியோ, மாணவராயிருந்த காலத்தில் ஆலய விளக்கு ஆடுவதைக் கண்டு, தம் நாடித்துடிப்பைக் கொண்டு அதன் ஆட்டத்தை அளந்தார் என்பது கதை. அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1583. இன்று தொங்கும் விளக்கோ 1587 இல் ஆக்கப்பட்டது. ஆகவே கதையிலுள்ள விளக்கு இதுவாயிருத்தல் இயலாது. எனினும் கதை சுட்டும் உண்மை அழியாதது: ஊசல் ஒன்று ஒரு முறை ஆடி மீளும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது, சிறிது ஆடினும் சற்றே பெரிதாய் ஆடினும் அந்நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை.

இந்த ஊசலை நினைவில் வைத்துக்கொண்டு நாம் தென்கிழக்கே செல்வோம்.

வயல்களின் நடுவே

நகரைக் கடந்ததும் நிலம் தட்டையாய் விரிகிறது. சோள வயல்களும், கோடையிலே மஞ்சள் கம்பளம் விரித்தாற்போன்ற சூரியகாந்தித் தோட்டங்களும், இடையிடையே வாய்க்கால்களும் ஓட்டு வீடுகளும் தோன்றுகின்றன. வடக்கே பைசா மலைகள் நீலமாய்த் தெரிகின்றன. வழியிலுள்ள சிற்றூரின் பெயர் காஷினா. மரத்தளபாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர் இது. அதன் எல்லைக்குள், வயல்களுக்கு மத்தியிலே, இரண்டு நீண்ட கூடங்கள் ஒன்றுக்கொன்று செங்கோணமாகச் செல்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று கிலோமீற்றர் நீளம். முனையில் நின்று பார்ப்பவனுக்கு மறுமுனை வெயிலிலே கரைந்து போகிறது. இதுவே விர்கோ என்னும் ஈர்ப்பலை நிலையம். ஐந்து கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கன்னி இராசி விண்மீன் தொகுதிக் கூட்டத்தின் பெயரையே இதற்குச் சூட்டியிருக்கின்றனர். முன்னரே அறிவித்துச் செல்லும் பார்வையாளரை உள்ளே அழைத்துச் சென்று விளக்கிக் காட்டுவதும் உண்டு.

பாரமான பொருள்கள் விரைந்து சுழலும்போதும் மோதும்போதும் வெளியே நெளிந்து அலையாகப் பரவும் என்று ஐன்ஸ்ரைன் 1916 இல் எழுதினார். அவ்வலை நம்மைக் கடக்கும்போது ஒரு திசையிலே நீளம் சிறிது கூடும். அதற்குக் குறுக்கான திசையிலே சிறிது குறையும். இதை அளக்கும் வழி எளிதாகவே தோன்றும். லேசர் ஒளிக்கற்றை ஒன்றை இரண்டாகப் பிரித்து இரு கூடங்களுக்குள்ளும் அனுப்புகின்றனர். உள்ளே 1.2 மீற்றர் அகலமான உருக்குக் குழாய்கள். அவற்றிலே காற்று இல்லை. ஒளி அங்குள்ள கண்ணாடிகளுக்கிடையே பலமுறை சென்று மீண்டு, திரும்பவும் ஒன்றுசேர்கிறது. இரு வழிகளின் நீளத்திலும் வேறுபாடு நேர்ந்தால், சேரும் ஒளியிலே அது தெரியும்.

இடர் யாதெனில், அவ்வேறுபாட்டின் சிறுமை. மூன்று கிலோமீற்றர் நீளத்திலே ஏற்படும் மாற்றம் ஒரு புரோத்தனின் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அணுவின் நடுவேயுள்ள கருவின் ஒரு துணிக்கை புரோத்தன். அதனிலும் ஐந்நூறில் ஒரு பங்கு!

நிலம் உறங்குவதில்லை

நாம் காலூன்றி நிற்கும் நிலம் அசையாதது என்பது நம் நினைப்பு. பொறுமைக்கு நிலத்தையன்றோ உவமை கூறினர் நம் முன்னோர்! ஆனால் நில அதிர்வுமானியின் கோட்டைப் பார்ப்பவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். காஷினாவுக்கு மேற்கே பதினைந்து இருபது கிலோமீற்றரில் கடல் உள்ளது. அதன் அலைகள் இரவு பகலாக நிலத்தை அழுத்தி அழுத்தி விடுகின்றன. சில செக்கன்களுக்கு ஒரு முறை சமவெளி முழுவதும் மீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவு எழுந்து தாழ்கிறது. புயல் நாட்களிலே இன்னும் மிகுதி. நெடுஞ்சாலையில் பாரவண்டிகள் போகும்போது மேம்பாலங்கள் நடுங்க, அந்நடுக்கம் தூண் வழியே மண்ணில் இறங்குகிறது. காற்றடித்தால் மரமும் கட்டடமும் அசைந்து நிலத்தையும் அசைக்கும். பகலில் அதிர்வு கூடும்; இரவில் குறையும். வேலை நாளில் மிகும். விடுமுறை நாளில் தணியும். ஊராரின் வாழ்க்கை முழுவதும் அதிர்வுமானியின் கோட்டில் பதிந்துவிடுகிறது.

தூரத்து அதிர்ச்சிகளும் வந்து சேர்கின்றன. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது நம் கரைகளிலே நேர்ந்ததை நாம் மறக்க வல்லோமல்லோம். அன்று நிலத்தினூடே சென்ற அலைகள் பூமியின் எந்த மூலையையும் விட்டுவைக்கவில்லை. உலகத்தின் எவ்விடத்திலும் தரை குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் அளவு எழுந்து தாழ்ந்தது.

அளக்க வேண்டிய மாற்றத்தினும் கடலலை தரும் நடுக்கம் இலட்சங்கோடி மடங்கு பெரிதாயிருக்கலாம். அப்படியானால் வானத்தின் குரலைக் கேட்க விரும்புபவன் முதலிலே செய்ய வேண்டியது யாது? நிலத்தின் குரலை அறிவதும், அதை அடக்குவதுமேயாம். வானை ஆராய வந்தவர் மண்ணைப் படிக்க வேண்டியவரானார். அப்படிப் படித்தவரே அடல்பேர்தோ ஜியாசொத்தோ.

இசையறிஞரின் மகன்

ஜியாசொத்தோ 1940 ஆம் ஆண்டு ஜெனோவா நகரிலே பிறந்தவர். தந்தையார் ரேமோ ஜியாசொத்தோ பெயர்பெற்ற இசையாராய்ச்சியாளர். அல்பினோனியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் அடாஜியோ என்ற மெல்லிசை, 1958 இல் இத்தந்தையார் வெளியிட்டதே. மகன் பௌதிகம் பயின்று, அணுவினுள்ளிருக்கும் நுண்துணிக்கைகளை ஆராயும் துறையிலே பேரெடுத்தார். பளிங்குக் கற்களைச் சேர்ப்பதிலும் அவருக்குத் தீராத ஆசை. அவர் திரட்டிய கனிமக் களஞ்சியம் சேகரிப்போர் உலகில் மிகப் புகழ்பெற்றது.

நாற்பது வயதை எட்டிய பின்னர், 1980 களின் தொடக்கத்திலே, அவர் ஈர்ப்பலைகளின் பக்கம் திரும்பினார். அக்காலத்தில் இத்துறையின் பெயர் அத்துணை நன்றாயிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஜோசப் வெபர் என்பவர் பெரிய அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பலையைக் கண்டதாக 1969 இல் அறிவித்தார். பிறர் எவருக்கும் அது அகப்படவில்லை. கருவியின் நடுக்கத்தையும் வானத்தின் செய்தியையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை யாவரும் அப்போது உணர்ந்துகொண்டனர்.

லேசர் வழியை நாடிய பிற குழுவினர், நிலநடுக்கம் குறைவாயுள்ள விரைவான அதிர்வுகளையே முதலில் கருதினர். ஜியாசொத்தோவின் எண்ணம் வேறு. வானில் உறுதியாய் இருப்பவை என்று நாம் அறிந்த துடிக்கும் விண்மீன்கள் பல மெதுவாகவே சுழல்கின்றன. வேலா என்னும் விண்மீன் செக்கனுக்குப் பதினொரு முறை சுழல்கிறது. அது அலை விடுமாயின் அவ்வலை செக்கனுக்கு இருபத்திரண்டு முறையே அதிரும். ஆகவே செக்கனுக்குப் பத்து அதிர்வு வரை தாழ்ந்து சென்று கேட்க வேண்டும் என்றார் அவர். நிலம் மிகுதியாய் நடுங்கும் பகுதி அதுவே. பிறர் ஒதுங்கிச் சென்ற சேற்றிலே இவர் வலிந்து இறங்கினார் என்றே சொல்லலாம்.

ஊசலின் கீழ் ஊசல்

அவர் கையாண்ட தந்திரத்தை நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு முழ நூலிலே சாவிக்கொத்தொன்றைக் கட்டித் தூக்கிப் பிடியுங்கள். கையை மெல்ல இடமும் வலமும் கொண்டு சென்றால் சாவியும் கூடவே வரும். கையை மிக விரைவாக நடுக்கினாலோ, நூலின் மேற்பகுதி மாத்திரம் நடுங்கும். சாவி நின்ற இடத்திலேயே நிற்கும். ஊசல் தன் இயல்பான ஆட்டத்தினும் விரைவான அசைவை ஏற்க மறுக்கிறது.

ஒரு மீற்றர் நீளமுள்ள ஊசல் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை ஆடும். மேலே நிலம் செக்கனுக்குப் பத்து முறை நடுங்கினால், கீழே அந்நடுக்கம் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்காகக் குறையும். இரண்டாவது ஊசலை முதலாவதன் கீழே கட்டினால் அந்த ஒரு பங்கும் மீண்டும் நானூறாய் வகுபடும். மொத்தம் ஓரிலட்சத்து அறுபதினாயிரம். மூன்றாவதைக் கட்டினால் ஆறு கோடியைத் தாண்டும். ஐந்தைக் கோத்தால், கணக்குப்படி, பத்து இலட்சங்கோடியில் ஒரு பங்கே மிஞ்சும். கலிலியோவின் விளக்கைச் சங்கிலியாக்கித் தொங்கவிட்டது போன்றது இது.

ஆனால் ஏட்டுக் கணக்கு வேறு, இரும்பும் கம்பியும் வேறு. நிலம் பக்கவாட்டில் மாத்திரமன்று, மேலும் கீழுமாகவும் அசைகிறது. மேல்கீழ் அசைவு ஒளியின் பாதையைத் தொடாதே என்று நினைக்கலாம். பூமி உருண்டையாயிருப்பதால் அங்கும் ஒரு சிக்கல். கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டு பூமியின் மையத்தையே நோக்கும். மூன்று கிலோமீற்றர் இடையிட்ட இரண்டு தூக்குக்குண்டுகள் முற்றிலும் சமாந்தரமாயிரா. மிகமிகச் சிறியதொரு கோணம் அவற்றிடையே உண்டு. அக்கோணத்தின் வழியே மேல்கீழ் நடுக்கம் கசிந்து பக்கவாட்டு நடுக்கமாகிவிடும். ஆகவே ஜியாசொத்தோவும் அவருடைய துணைவர்களும் ஒவ்வோர் ஊசலிலும் முக்கோண வடிவான உருக்குத் தகடுகளை வில்லாக வளைத்துப் பொருத்தினர். அவ்வில்லின் விறைப்பைத் தளர்த்தக் காந்தங்களை எதிரெதிரே வைத்தனர். சாதாரண உருக்குப் பாரத்தைத் தாங்கித் தாங்கி நுண்ணிதாய் இழுபட்டு நெறுநெறுக்கும். ஆதலால் அங்ஙனம் இழுபடாத தனிவகை உருக்கையே தேர்ந்தனர். சங்கிலி முழுவதையும் மூன்று உயர்ந்த கால்களின் மேலே நிறுத்தினர். அக்கால்களும் தலைகீழாய் நிற்கும் ஓர் ஊசலே. அது ஏறத்தாழ அரைநிமிடத்துக்கு ஒரு முறைதான் மெல்ல அசையும்.

1985 இல் உரோமாபுரியில் நடந்த ஒரு மகாநாட்டிலே ஜியாசொத்தோ, லேசர் ஒளியில் வல்லவரான அலன் பிரியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியைச் சந்தித்தார். ஒருவரிடம் ஒளி இருந்தது. மற்றவரிடம் அசைவின்மை இருந்தது. இரண்டும் சேர்ந்ததே விர்கோ. பிரான்சு 1993 இலும் இத்தாலி 1994 இலும் இணக்கம் தெரிவித்தன. 1996 இல் காஷினா வயல்களிலே வேலை தொடங்கியது. 2003 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிலையம் திறந்து வைக்கப்பட்டது.

காத்திருந்த ஆண்டுகள்

திறந்த பின்பும் வானம் வாய் திறக்கவில்லை. 2007 முதல் 2011 வரை பலமுறை செவிசாய்த்தும் ஈர்ப்பலை ஒன்றேனும் அகப்படவில்லை. கருவியின் கூர்மை போதாது என்று அதைப் பிரித்து மேலும் திருத்தத் தொடங்கினர். இப்பணி நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆந் திகதி, அமெரிக்காவின் ஹான்போர்ட், லிவிங்ஸ்ரன் என்னும் ஈரிடங்களிலுமுள்ள லைகோ நிலையங்கள் முதல் ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. நூற்று முப்பது கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான செய்தி அது. விர்கோவின் விஞ்ஞானிகளும் அவ்வாராய்ச்சியிற் பங்குகொண்டு, கட்டுரையிலும் பெயரிட்டனர். எனினும், நூறாண்டு காத்திருந்த விருந்தாளி வாசலுக்கு வந்த நாளிலே காஷினாவின் கதவு மூடிக்கிடந்தது. ஜியாசொத்தோவுக்கு அப்போது வயது எழுபத்தைந்து.

அடுத்து வந்ததும் சோதனையே. நாற்பத்திரண்டு கிலோகிராம் நிறையுள்ள ஒவ்வொரு கண்ணாடியையும், அரை மில்லிமீற்றரிலும் மெல்லிய நான்கு பளிங்கிழைகளிலே தொங்கவிட முயன்றனர். இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. காற்றை அகற்றும் கருவியிலிருந்து வந்த நுண்தூசி இழையிலே பட்டதே காரணமென்று பின்னர் அறிந்தனர். மலைபோன்ற நடுக்கத்தை அடக்கிய கருவியை ஒரு தூசி வீழ்த்திற்று! காலம் போதாமையால் பழையபடி உருக்குக் கம்பிகளிலேயே கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, 2017 ஆம் ஆண்டு ஒகஸ்ட் முதலாந் திகதி விர்கோ லைகோவுடன் சேர்ந்து செவிசாய்த்தது. அவ்வாராய்ச்சிப் பருவம் முடிய இருபத்தைந்து நாட்களே எஞ்சியிருந்தன.

அந்த இருபத்தைந்து நாட்களும் வீண்போகவில்லை. ஒகஸ்ட் 14 இல் இரண்டு கருந்துளைகள் இணைந்த அலையை மூன்று நிலையங்களும் ஒருங்கே கேட்டன. இரண்டு காதுகளுடன் வானத்தில் 1160 சதுர பாகைப் பரப்பையே குறித்துக் காட்ட முடிந்தது. மூன்றாவது காதும் சேரவே அது 60 சதுர பாகையாகச் சுருங்கியது.

மூன்று நாட் கழித்து, ஒகஸ்ட் 17 இல், இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதிய அலை வந்தது. லைகோவில் அது தெளிவாகக் கேட்டது. விர்கோவிலோ கேட்டதும் கேளாததுமாயிருந்தது. கருவி பழுதோ? இல்லை. விர்கோவுக்குச் சரிவரக் கேளாத திசைகள் சில வானிலே உண்டு. ஒலி அத்திசையிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்று கணித்தனர். கேளாமையே சான்றாயிற்று. தேட வேண்டிய பரப்பு முப்பது சதுர பாகையளவிற்குக் குறைந்தது. பதினொரு மணி நேரத்துக்குள் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியொன்று, பதின்மூன்று கோடி ஒளியாண்டு தூரத்து விண்மீன் தொகுதியொன்றிலே புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தது. காதால் கேட்டதைக் கண்ணாலும் கண்டது அன்றே முதன்முறை.

அவ்வாண்டு நொபெல் பரிசு அமெரிக்காவில் இத்துறைக்கு உழைத்த மூவருக்குச் சென்றது. ஒக்ரோபர் 16 இல் நியூத்திரன் விண்மீன்களின் செய்தி உலகுக்கு வெளியிடப்பட்டது. அதற்குச் சரியாக ஒரு மாதத்தின் பின், நவெம்பர் 16 இல், ஜியாசொத்தோ காலமானார். தாம் கோத்த ஊசற் சங்கிலியின் அடியிலே கண்ணாடி அசையாது நின்றதையும், அதன் வழியாக வானம் பேசியதையும் அறிந்துகொண்டே அவர் கண்மூடினார். 2018 இல் பளிங்கிழைகள் மீண்டும் கட்டப்பட்டன. 2019 ஆம் ஆண்டு மே 21 ஆந் திகதி, செக்கனின் பத்திலொரு பங்கு நேரமே நீடித்த ஒரு தாழ்ந்த முழக்கம் கேட்டது. சூரியனைப் போல் ஏறத்தாழ 142 மடங்கு பாரமுள்ள கருந்துளை பிறந்த ஓசை அது. தாழ்ந்த சுருதியைக் கேட்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தியது வீண்பிடிவாதமன்று என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

எஞ்சிய நடுக்கம்

ஆயினும் நிலம் முற்றாகத் தோற்றுவிடவில்லை. எந்த ஊசலாலும் தடுக்கவொண்ணாத நடுக்கம் ஒன்று உண்டு. நில அலை மண்ணை நெருக்கியும் தளர்த்தியும் செல்கையில், அருகிலுள்ள மண்ணின் பாரம் இடம் மாறுகிறது. அப்பாரம் தன் ஈர்ப்பினாலே கண்ணாடியை நேராகவே இழுக்கிறது. கம்பியைத் தொடாமல், காற்றில்லா வெளியையும் ஊடுருவி வரும் இவ்விழுப்புக்குத் திரை போட உலகில் எதனாலும் இயலாது. செய்யக்கூடியது ஒன்றே: கண்ணாடிகளைச் சுற்றித் தரையிலே அதிர்வுமானிகளைப் பரப்பி, நிலம் எப்படி அசைந்ததென்று நுணுக்கமாய் அளந்து, அதன் விளைவைக் கணக்கிலிருந்து கழிப்பது. நிலத்தை வெல்ல முடியாதவிடத்து அதை முழுவதும் அறிந்துகொள்வதே வழியாகிறது.

மற்றொரு வழி, நிலத்தினுள்ளே ஆழச் செல்வது. பத்துக் கிலோமீற்றர்க் கைகளை உடையதாய், தரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திலே அமைக்கக் கருதியிருக்கும் ஐன்ஸ்ரைன் தொலைநோக்கிக்காக ஆராயப்பட்ட இடங்களுள் ஒன்று சார்தீனியாத் தீவிலுள்ள பழைய சொஸ் எனாத்தொஸ் சுரங்கம். ஐரோப்பாவில் நிலம் மிக அமைதியாயுள்ள இடங்களுள் அதுவும் ஒன்று.

பைசாவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் வாசகர்கள் அரைநாளை ஒரு நாளாக நீட்டிக்கொள்வாராக. காஷினாவிலே படமெடுத்து மாட்டத்தக்க அழகு அதிகம் இல்லை. வயலும், நீண்ட கூடமும், பூட்டிய கோபுரங்களுமே கண்ணுக்குத் தெரியும். கண்ணாடிகளை யாரும் காண இயலாது. ஆனால் அந்தக் கூடத்தருகே சிறிது நேரம் நின்றால், நம் காலடியோசையும் மண்ணில் இறங்கி எங்கோ ஓர் அதிர்வுமானியின் கோட்டிலே ஒரு சிறு நெளிவாய்ப் பதிவது நினைவுக்கு வரும். அப்போது எவரும் தாமாகவே மெல்ல நடப்பர்.